முயற்சியாண்மையை எந்த வரிசையில் படிப்பது? கொழும்பு முகாமைத்துவ பீட மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வெள்ளவத்தையில் ஒரு மேசையைச் சுற்றி முகாமைத்துவ பீட மாணவர்களோடு உட்கார்ந்து வருகிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன், கொட்டாஞ்சேனை என்று பல இடத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். புதுத் தொழில் தொடங்கி நடத்துவதைக் கற்பிக்கும் முயற்சியாண்மைப் பாடத்தில் அவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று, வரிசைப் பிழை. பெயர் வைப்பார்கள், இலச்சினை வரைவார்கள், நாற்பது பக்கத்தில் வணிகத் திட்டம் எழுதுவார்கள், பதிவு செய்யவும் ஓடுவார்கள். காசு கொடுத்து வாங்கப்போகிற ஆளை எல்லாம் முடிந்த பிறகே தேடுவார்கள்.

கீழே உள்ள வரிசை அந்த ஆளை முன்னுக்குக் கொண்டுவருகிறது. ஒரு படியில் கிடைப்பது அடுத்த படிக்குத் தேவைப்படும். அதனால் இடையில் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தடித்த அட்டைக் கொப்பி ஒன்று. உங்கள் பெயரில், வேறு எதற்கும் பயன்படுத்தாத சேமிப்புக் கணக்கு ஒன்று. வாரத்தில் ஓர் அரைநாள். சிங்களம் சரளமாகப் பேசும் ஒரு நண்பர், அல்லது அப்படிப் பேசும் நீங்களே. கடைசியாக, இழந்தாலும் வீட்டில் அடுப்பு எரியக்கூடிய ஒரு தொகை. பெரும்பாலானோருக்கு 10,000 ரூபாய் போதும்.

கடன் வாங்கித் தொடங்காதீர்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வந்த ஒரு மாணவரைத் திருப்பி அனுப்பி, முதலில் அதை மீட்டுவரச் சொன்னேன். வட்டி ஓடும்போது அந்த மாதத் தவணையைக் கட்டுவதற்காகவே விற்பீர்கள். எது ஏன் விற்கவில்லை என்று நின்று பார்க்க அந்த அவசரம் இடம் தராது.

1. உங்கள் பட்டத்தில் இந்தப் பாடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடத்தில் முயற்சியாண்மைக்குத் தனித் துறையே இருக்கிறது. அங்கே அதைச் சிறப்புப் பட்டமாகப் படிக்கலாம். வேறு பல இடங்களில் அது ஓரிரு பாடங்களாகவோ, இன்னொரு சிறப்புத் துறைக்குள் ஒரு பகுதியாகவோ வரும். பீடத்தின் கைநூலை எடுத்து இரண்டு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டில் வருகிறது, புள்ளிகளில் எத்தனை வீதம் பரீட்சைக்கு, எத்தனை வீதம் ஒப்படைக்கு. ஒப்படை வரும் பருவத்துக்கு ஓராண்டு முன்பே நான்காவது படி முடிந்திருக்க வேண்டும்.

முயற்சியாண்மையைச் சிறப்பாக எடுப்பவர் கணக்கீட்டையோ சந்தைப்படுத்தலையோ துணையாக எடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சொந்தத் தொழிலின் முதல் ஆண்டுகளில் கணக்காளரும் விற்பனையாளரும் நீங்கள்தான். தொழில் கைகூடாமல் வேலை தேட நேர்ந்தாலும் அந்தத் துணைப்பாடம் கைகொடுக்கும்.

2. சொற்களை இரு மொழியிலும் கைவசமாக்குங்கள்

உயர்தரத்தில் வணிகக் கல்வியைத் தமிழில் படித்துவிட்டு வருபவர்களுக்கு முதலாண்டு விரிவுரைகள் ஆங்கிலத்தில் வந்து விழும். பலர் ஆங்கில வரைவிலக்கணங்களை அப்படியே மனனம் செய்கிறார்கள். பரீட்சையில் அது ஓரளவுக்கு உதவும். கடைக்காரர் முன் நின்று ஒரு கேள்வி கேட்க உதவாது.

கொப்பியின் கடைசிப் பக்கங்களில் மூன்று நிரல் போடுங்கள். முதலாவதில் தமிழ்ச் சொல், இரண்டாவதில் ஆங்கிலச் சொல், மூன்றாவதில் நீங்கள் கண்ணால் கண்ட உதாரணம். காசுப் பாய்ச்சல், மாறும் செலவு, பங்களிப்பு, தேய்மானம் என்று வாரத்துக்குப் பத்துச் சொல் போதும். மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தால் அந்தச் சொல் உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

3. கணக்கீட்டை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னே வையுங்கள்

“எனக்குக் கணக்கு வராது, நான் யோசனை சொல்கிற ஆள்” என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையைத்தான் முதலில் கணக்கில் உட்கார வைக்கிறேன். யோசனை நல்லதா கெட்டதா என்று சொல்லக்கூடியது கணக்கு மட்டும்தான்.

மூன்று விடயங்கள் தெளிவாக வேண்டும். எவ்வளவு விற்றாலும் மாறாத நிலையான செலவையும், விற்கும் அளவோடு ஏறி இறங்கும் மாறும் செலவையும் பிரிப்பது. எத்தனை விற்றால் நட்டம் நிற்கும் என்று கண்டுபிடிப்பது. இலாபமும் கையிலுள்ள காசும் ஒன்றல்ல என்று புரிந்துகொள்வது. மூன்றாவதில்தான் அதிகமானோர் சறுக்குகிறார்கள். 2022இல் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, பழைய விலைக்கு வாங்கிய சரக்கை இலாபத்தோடு விற்ற கடைக்காரர்களால் அந்தக் காசைக் கொண்டு அதே அளவு சரக்கைத் திரும்ப வாங்க முடியவில்லை. கொப்பியில் இலாபம், அலுமாரியில் வெற்றிடம். விற்ற விலையை வாங்கிய விலையோடு மட்டும் ஒப்பிடாமல், மறுபடி வாங்கப்போகும் விலையோடும் ஒப்பிடப் பழகுங்கள்.

4. ஒரு கடையை நான்கு வாரம் பாருங்கள்

சொந்த யோசனையைத் தேடுமுன் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலைக் கூர்ந்து பாருங்கள். கொழும்பில் படிப்பவருக்கு இதைவிட நல்ல ஆய்வுகூடம் கிடையாது. புறக்கோட்டையில் நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி, பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். செட்டியார் தெருவில் நகை. பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான். ஒரே பொருளை விற்பவர்கள் ஒரே தெருவில் ஏன் நெருங்கி இருக்கிறார்கள் என்று உங்கள் விரிவுரைக் குறிப்பைத் திறக்காமல் யோசியுங்கள். விலையை ஒப்பிட வருகிறவர் அந்தத் தெருவுக்குத்தான் வருவார். ஒரு கடையில் இல்லாததைப் பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். கடன் கேட்பவர் நாணயமானவரா என்பதும் அந்தத் தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

போகும் நேரம் முக்கியம். காலையில் சுமை தூக்கும் நாட்டாமைகள் மூட்டை ஏற்றி இறக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின், கடை சற்று ஓயும்போது போங்கள். என்னோடு வந்த மாணவர் ஒருவர் கொப்பியைத் திறந்ததுமே முதலாளி கேட்டார்: “தம்பி, வரித் திணைக்களத்திலிருந்தா வருகிறீர்கள்?” மாணவர் பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டி, “இல்லை ஐயா, படிக்கிறேன். உங்கள் வருமானம் எனக்குத் தேவையில்லை. சரக்கு எப்படி வந்து எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் வந்தேன்” என்றார். உட்கார ஒரு முக்காலி வந்தது. அனுமதி கேளுங்கள், படம் எடுக்காதீர்கள், இலாபம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

குறிக்க வேண்டியவை நான்கு: எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், யாருக்குக் கடன் போகிறது, சரக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை இறங்குகிறது, எதைக் கேட்டு வந்தவரை “இல்லை” என்று சொல்லி அனுப்புகிறார்கள். நான்காவதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். காசோடு வந்து வெறுங்கையோடு போனவர்களின் பட்டியல் அது. உங்கள் யோசனை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

5. பதினைந்து பேரிடம் கேளுங்கள்

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு யோசனையை எடுத்து, அதை வாங்கக்கூடிய பதினைந்து பேரிடம் போங்கள். இந்தப் படியில் நடக்கும் பிழை எப்போதும் ஒன்றேதான். “நாங்கள் இப்படி ஒன்று செய்தால் வாங்குவீர்களா?” என்று கேட்கிறார்கள். படிக்கிற பிள்ளையின் முகத்துக்கு நேரே “வாங்க மாட்டேன்” என்று சொல்ல நம்மவர்களுக்கு மனம் வராது. “கட்டாயம் வாங்குவோம் தங்கச்சி” என்பார்கள். பதினைந்து பேரும் அப்படிச் சொல்வார்கள். பொருள் வந்ததும் இரண்டு பேர் வாங்குவார்கள்.

நடந்து முடிந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது வாங்கினீர்கள்? எந்தக் கடையில்? என்ன விலை? அதில் எது பிடிக்கவில்லை? போன வாரம் நடந்ததற்கு மரியாதைப் பதில் சொல்ல முடியாது. நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும். ‘மாதம் ஒருமுறைகூட வாங்குவதில்லை’ என்பது நேர்மையான பதில், அதைக் கொண்டாடுங்கள். உங்கள் 10,000 ரூபாயைக் காப்பாற்றிய பதில் அது.

சொந்தக்காரரையும் வகுப்புத் தோழரையும் கணக்கில் சேர்க்காதீர்கள். இணையப் படிவம் ஒன்றைத் தயாரித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரே இரவில் நூறு பதில் வரும். நூறும் ஒரே வயது, ஒரே வருமானம், ஒரே இடம். நேரில் கேட்ட பதினைந்து அதைவிடப் பெறுமதியானது. ஏனென்றால் ஒருவர் பதில் சொல்லுமுன் எங்கே தயங்கினார் என்று படிவம் சொல்லாது.

கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொண்டுபோங்கள். வெள்ளவத்தை காலி வீதியைத் தாண்டினால் உங்கள் வாடிக்கையாளரில் பெரும்பங்கு சிங்களம் பேசுபவர். தமிழரிடம் மட்டும் கேட்டுவிட்டுக் ‘கொழும்புச் சந்தை’ என்று அறிக்கையில் எழுதுவது பிழையான தரவு.

6. இருபதே இருபது விற்றுப் பாருங்கள்

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் பருத்தித்துறை வடை செய்து வெள்ளவத்தைக் கடையொன்றில் கொடுத்தார். கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மாவும் அவரும் சேர்ந்து சுட்டார்கள். 200 கிராம் பைகள் இருபது. அவர் கொண்டுவந்த கணக்கு இதுதான்: மா, உளுந்து, எண்ணெய், மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். பையும் ஒட்டுச்சீட்டும் 300. எரிவாயு 250. மொத்தம் 3,350. விலை 250 வீதம் இருபதுக்கு 5,000. இலாபம் 1,650. முகமெல்லாம் மகிழ்ச்சி.

கொப்பியைத் திருப்பி ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். இரண்டு பை பஸ்ஸில் நசுங்கி நொறுங்கிவிட்டன, விற்றது பதினெட்டு. அதாவது 4,500. கடைக்காரர் தன் பங்காக நூற்றுக்கு இருபது எடுத்தார், 900 போனது. கையில் வந்தது 3,600. போக வரச் செலவு 400, அது கணக்கிலேயே இல்லை. ஆக, செலவு 3,750. நட்டம் 150 ரூபாய். அம்மா அடுப்படியில் நின்ற நேரத்துக்கு இன்னும் ஒரு சதமும் போடவில்லை.

அந்தப் பிள்ளை அழவில்லை, பேனாவை எடுத்தது. அடுத்த தடவை பைக்குப் பதிலாக மூடியுள்ள பெட்டி, பெட்டிக்கு 15 ரூபாய் கூடுதல். கடையில் வைக்காமல் அலுவலகம் ஒன்றில் முன்கூட்டியே காசு வாங்கி ஆணை எடுத்தார், விலை 300. இருபதும் முழுதாகப் போய்ச் சேர்ந்தன. வரவு 6,000, செலவு 4,050, மிச்சம் 1,950. இருவரும் செலவழித்தது மொத்தம் ஆறு மணித்தியாலம். மணிக்கு 325 ரூபாய். இப்போது அந்த உழைப்புக்கு ஒரு விலை தெரிகிறது, ஐம்பது பெட்டி செய்யலாமா என்று பேசலாம்.

இதில் கவனிக்க வேண்டியது: முதல் இருபதில் இலாபம் தேவையில்லை. விடுபட்ட செலவு எங்கே என்று தெரிய வேண்டும். அதனால்தான் இருநூறு வேண்டாம், இருபது என்கிறேன். எல்லாரும் மறக்கும் வரிகள் நான்கு: போக்குவரத்து, உடைவு, கடைக்காரர் பங்கு, வீட்டாரின் உழைப்பு. இந்த நான்கையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

உணவுப் பொருள் என்றால் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். பெயர், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, செய்தவரின் முகவரி ஆகியவை பொதியில் இருக்க வேண்டும். தொடர்ந்து விற்க எண்ணினால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களாகவே முன்கூட்டிப் போய்ப் பாருங்கள். சமையலறையில் எதை மாற்ற வேண்டும் என்பதை அவர் சொல்லிவிடுவார். பிறகு மாற்றுவதைவிட அது மலிவு.

7. கோட்பாட்டை இப்போது படியுங்கள்

விற்றுப் பார்த்த பிறகு கோட்பாடு வேறு மாதிரி வாசிக்கும். பொருளியலாளர் ஷும்பீட்டர் சொன்ன முயற்சியாளர் பழைய ஒழுங்கை உடைத்துப் புதியதைக் கொண்டுவருபவர். 2015இல் வந்த, கைபேசியில் வாடகை வண்டி அழைக்கும் பிக்மீ செயலி முச்சக்கரவண்டிப் பேரத்தை மாற்றியதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொருளியலாளரான கேர்ஸ்னர் சொன்னவர் மற்றவர் கண்ணில் படாத விலை இடைவெளியைக் கண்டு நுழைபவர். நாலாம் குறுக்குத் தெருவில் வாங்கிப் பம்பலப்பிட்டி விடுதிகளுக்குக் கொடுப்பவர் இந்த வகை.

முயற்சியாண்மை ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி அனுபவமிக்க முயற்சியாளர்கள் 27 பேரை உரக்கச் சிந்திக்க வைத்து ஆராய்ந்தார். அவர்கள் பெரிய இலக்கிலிருந்து தொடங்கவில்லை. ‘நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும்’ என்பவற்றிலிருந்தும், எவ்வளவை இழக்கத் தாங்கும் என்பதிலிருந்தும் தொடங்கினார்கள் என்று கண்டார். வடை சுட்ட பிள்ளைக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் கைப்பக்குவம், அலுவலகத்தில் வேலை செய்யும் அக்கா, 10,000 ரூபாய் வரம்பு என்று அவரே மூன்று வரியில் எழுதினார். பரீட்சை விடைத்தாளில் இத்தகைய சொந்த உதாரணம் ஒன்று இருந்தால் போதும், திருத்துபவருக்கு வேறுபாடு தெரியும்.

8. வணிகத் திட்டத்தை எழுதுங்கள்

வாடிக்கையாளர், வருமானம், செலவு என்று முழுத் தொழிலையும் ஒரே தாளில் காட்டும், ஒன்பது கட்டம் கொண்ட வணிக மாதிரிப் பலகையை முதலில் நிரப்புங்கள். பென்சிலால் நிரப்புங்கள். ஐந்தாம், ஆறாம் படிகளில் சான்று கிடைத்த கட்டத்தை மட்டும் பேனாவால் மீண்டும் எழுதுங்கள். பென்சிலில் மிஞ்சியவை இன்னும் ஊகம். எந்தக் கட்டத்துக்கு அடுத்து ஆள் தேடிப் போக வேண்டும் என்று அவை காட்டும்.

சந்தை அளவில் வரும் பிழையை ஒவ்வோர் அறிக்கையிலும் காண்கிறேன். “கொழும்பு மாவட்டத்தில் 2012 தொகைமதிப்பின்படி 23 இலட்சம் மக்கள். அதில் நூற்றுக்கு ஒருவர் வாங்கினால் 23,000 வாடிக்கையாளர்.” அந்த ஒருவரை யார் போய்ச் சந்திப்பது? கீழிருந்து மேலே எண்ணுங்கள். வாரத்தில் எத்தனை அலுவலகத்துக்குப் போக முடியும், அதில் எத்தனை ஆணை வருகிறது, ஆணைக்கு எத்தனை பெட்டி. வரும் எண் சிறியதாக இருக்கும். ஆனால் கேள்வி கேட்கும் விரிவுரையாளர் முன் அந்த எண் தலைநிமிர்ந்து நிற்கும்.

பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த மாதம் எவ்வளவு காசு வந்து போகிறது என்று காட்டும் பன்னிரண்டு மாதக் காசுப் பாய்ச்சல் அட்டவணை அதில் கட்டாயம். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் மாதங்களையும் பல்கலைக்கழகப் பரீட்சை மாதங்களையும் ஒரே அளவாகப் போட்டிருந்தால் நீங்கள் நாட்காட்டியைப் பார்க்கவில்லை என்று பொருள்.

9. கூட்டாளிகளோடு ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்

குழு ஒப்படை தொழிலாக வளரும்போது நட்பு முறிவதை மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்றிலும் சண்டை காசைப் பற்றித் தொடங்கவில்லை, “நான்தான் அதிகம் ஓடினேன்” என்பதில் தொடங்கியது. யார் எவ்வளவு போட்டார், யார் வாரத்தில் எத்தனை மணி தருவார், ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன ஆகும் என்று ஒரு பக்கம் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். முதல் ரூபாய் வருமுன் எழுதுங்கள். வந்த பிறகு எழுதக் கேட்டால் அது சந்தேகம் போல் தோன்றும்.

10. பதிவுக்கு இப்போது போங்கள்

தனி வியாபாரம் அல்லது பங்குடைமை என்றால் தொழிற்பெயர்ப் பதிவு பிரதேச செயலகம் வழியாக நடக்கும். கிராம உத்தியோகத்தரின் சான்றும், தொழில் நடக்கும் இடத்துக்கான உறுதிப்பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ தேவைப்படும். அறை வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரின் சம்மதத்தை முதலில் பெறுங்கள். பெரும்பாலும் இங்கேதான் விண்ணப்பம் நின்றுவிடுகிறது.

தனியார் கம்பனி 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வரும். ஒரே பங்குதாரரோடும் அமைக்கலாம். ஆனால் செயலாளர் வேண்டும், ஆண்டுதோறும் விபரத்திரட்டுச் சமர்ப்பிக்க வேண்டும். வியாபாரம் நடக்காத ஆண்டிலும் அந்தக் கடமை தொடரும். இரண்டாம் ஆண்டில் உற்சாகத்தில் கம்பனி தொடங்கி, மூன்றாம் ஆண்டில் மறந்து, வேலைக்குப் போன பிறகு தண்டப்பணத்தோடு அலைந்தவர்கள் உண்டு. ஆட்களை வேலைக்கு வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். இவை எட்டாம் படி அட்டவணையில் ஏறியிருக்க வேண்டும்.

பெயரைப் பதிவு செய்துவிட்டால் வேறு யாரும் அதைப் பயன்படுத்த முடியாது என்று நினைக்காதீர்கள். உங்கள் பொருளை அடையாளம் காட்டும் பெயருக்கோ இலச்சினைக்கோ உரிமை தரும் வணிகக் குறி வேறு. அது 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டியது.

11. இறுதியாண்டு அறிக்கையும் கணக்கை மூடுவதும்

இதுவரை எழுதிய கொப்பிதான் உங்கள் இறுதியாண்டு ஆய்வின் மூலப்பொருள். அதைக் கொண்டே ஒரு சிறிய கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். ‘இலங்கையில் முயற்சியாண்மை’ என்று மேற்பார்வையாளரிடம் போகாதீர்கள். ‘வெள்ளவத்தையில் வீட்டு உணவு விற்கும் பெண்கள் விலையை எப்படித் தீர்மானிக்கிறார்கள்’ என்று போங்கள். முன்பே பேசிய பதினைந்து பேரில் பாதிப்பேர் திரும்பப் பேசுவார்கள், இந்த முறை எழுத்தில் சம்மதம் பெற்று, பெயரை மறைத்து எழுதுங்கள்.

படிப்பு முடிகையில் தொழிலைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தால் அதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். முன்பணம் கொடுத்தவருக்குப் பொருளையோ காசையோ திருப்புங்கள். பதிவை நீக்க விண்ணப்பியுங்கள். கூட்டாளிகளின் பங்கை அந்த ஒரு பக்கத் தாளின்படி பிரியுங்கள். நாலாம் குறுக்குத் தெருவில் கடனுக்கு எடுத்த கடைசி மூட்டைப் பருப்புக்குக் காசைக் கட்டி, முதலாளி தன் பேரேட்டில் உங்கள் பெயருக்கு நேரே கோடு கிழிப்பதைப் பார்த்துவிட்டு, அன்றைய திகதியை உங்கள் கொப்பியிலும் போடுங்கள்.